பின் தெரு வீட்டை ஏன் விற்கவில்லை என்றால்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. நீ அங்கே சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, போன மாதம் நீ போனை வைத்த வேகத்திலேயே உடம்பில் நல்ல தெம்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதையும் கவனித்தேன். கோபமாக இரு, பரவாயில்லை, ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இரு. போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது பார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதையைச் சொல்கிறேன். பின் தெரு வீட்டை நாங்கள் விற்கவில்லை. இந்த மாதம் மட்டுமல்ல, இன்னும் இரண்டு வருஷத்துக்கு விற்கப்போவதில்லை. அதனால் நீ பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட்டுக்கு அதிலிருந்து பங்கு தருகிறோம் என்று நாங்கள் ஒத்துக்கொண்டது இப்போது நடக்காது. இதை உனக்குச் சொல்ல எனக்குச் சந்தோஷமா என்ன? நீ அந்த ஊரில் வாடகை அறையில் துணி உலர்த்தக்கூட இடமில்லாமல் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டை வாங்கி, பாதியில் நீ இருந்துகொண்டு பாதியை வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்று நீ போட்ட கணக்கும் நல்ல கணக்குதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ போனில் ஒன்று சொன்னாய், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. “ரெண்டு வாரம் வாயை மூடிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்மா” என்றாய். முடிந்திருக்கும், உண்மைதான். எப்படி முடிந்திருக்கும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

அந்த வீடு உனக்கு நினைவிருக்கும், கீழே ஹாலும் சமையலறையும், மேலே இரண்டு அறையும், வாசலுக்கு நேர் மேலே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியும். பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் போக வர அந்த ஒரே வாசல்தான். அப்பா பஸ் ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஆறு வருஷமாக அதில் இருப்பது அந்த லிஃப்ட் மெக்கானிக் குடும்பம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரே பெண் குழந்தை, இப்போது ஒன்றாம் வகுப்பு. வாடகை தேதி தவறாமல் வரும், சத்தம் போட மாட்டார்கள், ஒரு தடவைகூட ஒரு குறையும் சொன்னதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஊராருக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறேனே, எத்தனை வாடகைக்காரர்களின் புலம்பலைக் கேட்டிருக்கிறேன், நம் வீட்டில் இருப்பவர்கள் வாயே திறப்பதில்லை, எவ்வளவு நல்ல வீட்டுக்காரி நான் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நீ நாளைக்கு வாடகைக்கு விட்டால் இதை மனதில் வைத்துக்கொள், குறையே சொல்லாத வாடகைக்காரர் என்றால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

விற்பதை நானே செய்யாமல் இன்னொரு ஏஜென்ட்டிடம்தான் கொடுத்திருந்தேன். நம் சொந்த வீட்டுக்கு நாமே தரகு பார்க்கக் கூடாது, ஆசை உள்ளே புகுந்துவிடும். அந்த ஏஜென்ட்டை நீ பார்த்திருப்பாய், எதைக் கேட்டாலும் சட்டுபுட்டுன்னு முடிச்சிடலாம்க்கா என்பான், அதனால் கடைத்தெருவில் அவனுக்குச் சட்டுபுட்டு என்றே பெயர். வாங்க வந்தது ஒரு மருந்துக்கடைக்காரம்மா, கணவரும் அவருமாகத்தான் கடை நடத்துகிறார்கள். வீடு பிடித்துப்போய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். பத்திரம் பதிவதற்கு முன்னால் ஒருமுறை வந்து அளந்து பார்க்கிறோம் என்று சொன்னதால், வாடகைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு சாயங்காலம் நான் போனேன். வாசலுக்கு எதிரே தெருவோரம் நிற்கிறேன், குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. வாசல் கிட்டே வந்ததும் புத்தகப் பையைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய், அது என்ன விளையாட்டு என்று கேட்டேன். “கல்லு விழுற விளையாட்டு” என்றது. அந்த நர்ஸ் பெண் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முறத்தில் சாம்பல் நிறத்தில் பொடியும் துண்டும் இருந்தன, அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். பால்கனியின் அடிப்பக்கம் சுவரை ஒட்டி ஒரு கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து, உள்ளே கம்பி செக்கச்செவேல் என்று துருப்பிடித்துத் தெரிகிறது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். போன மழைக்காலத்திலிருந்து என்றாள். ஏனம்மா சொல்லவில்லை என்றதற்கு அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சொன்னா ரிப்பேருக்குன்னு காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம்மா. இந்த வாடகைக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல எங்களுக்கு வேற எங்க வீடு கிடைக்கும்?” அவர்கள் குடிவந்த புதிதில் ஏதோ ஒரு குழாய் ஒழுகுகிறது என்று மெக்கானிக் சொன்னாராம், அதற்கு அப்பா, பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். அப்பாவுக்கு அது நினைவே இல்லை, கேட்டால் நானா அப்படிச் சொன்னேன் என்கிறார். நாம் போகிற போக்கில் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம், கேட்டவர்கள் அதை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் வாழ்கிறார்கள். பெற்ற குழந்தையைத் தலையில் பையோடு ஓடச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள் ஒரு தாய், நம் வீட்டு வாசலில்.

மறுநாள் காலையிலேயே ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டிப்போனேன், சின்ன வயதுப் பெண்தான், ஆனால் வளவளவென்று பேசாமல் வேலையைப் பார்க்கிறவள். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள், சில இடத்தில் கெட்டியாகக் கேட்டது, சில இடத்தில் காலிப் பானையைத் தட்டுவது போலக் கேட்டது. இதற்கு ஒட்டுப்போடுவதில் பிரயோஜனம் இல்லை, பால்கனியை இடித்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும், வாசல் உத்தரத்திலும் பாதி போய்விட்டது, அதுவரை மேலே யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லி அன்றைக்கே இரும்பு முட்டு கொடுக்க ஏற்பாடு செய்தாள். வேலை நடக்கும்போது அந்த வாசலில் யாரும் புழங்க முடியாது, வீட்டைக் காலியாக வைக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் சட்டுபுட்டு ஓடி வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்காகத்தான் அவனும் பேசினான். ரெண்டு நாள் ஆள் விட்டுப் பூசி, மேலே பெயிண்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது, அந்த முட்டுக்கம்பியைப் பதிவுக்கு முதல்நாள் எடுத்துவிடலாம், வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பார்களா பால்கனிக்கு அடியில் பார்ப்பார்களா என்றான். அங்கே உங்கள் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உனக்கு வாக்குக் கொடுத்தது அவர்தானே, மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று. புள்ளை கேட்டு நாம் செய்யும் ஒரே பெரிய காரியம் இது, இதில் போய் மூக்கை நுழைக்காதே என்றார் என்னிடம். நான் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னேன். நான் பூசி மெழுகமாட்டேன், நாளைக்கே அந்தம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர், அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் டிவியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். காபி ஆறிப்போச்சு என்று செய்தி வாசிக்கிறவளிடம் முறையிட்டால் அவள் சூடு பண்ணிக் கொடுப்பாளா?

மருந்துக்கடைக்காரம்மாவைக் கடையிலிருந்தே கூட்டிக்கொண்டு போனேன். சமையலறையை மறுபடியும் காட்டவில்லை, நேரே வாசலில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னேன், இன்ஜினியர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் அண்ணாந்து அந்தத் துருப்பிடித்த கம்பியைப் பார்த்தார். பிறகு, நீங்களே ஏன் இதைச் சொல்கிறீர்கள், சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு லாபம்தானே என்று கேட்டார். “நாளைக்கு நீங்க இதுல நிப்பீங்கம்மா” என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம். அன்று மாலையே அவர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள், நானும் அதே நேரத்தில் கொடுத்துவிட்டேன், அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருந்ததால் கொடுக்க முடிந்தது. இதையும் கேட்டுக்கொள், வாடகைக்காரர் அட்வான்ஸ் என்றாலும் சரி வாங்குகிறவர் அட்வான்ஸ் என்றாலும் சரி, அது உன் பணம் இல்லை, அதை எடுத்துக் கட்டில் வாங்காதே. சட்டுபுட்டுவுக்குத் தரகு போச்சு, ஒரு வாரம் என்னைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் போனான். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன், நீயும் வைத்துவிட்டாய். ஆக இரண்டே நாளில் வாங்க வந்தவர், விற்க வந்தவன், தாலி கட்டினவர், பெற்ற மகள் என்று நாலு பக்கமும் எனக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அழுதேனா என்று கேட்காதே. அழுவதற்கு நேரமில்லை, குடியிருப்பவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை இருந்தது.

லாட்ஜில் வைக்க நமக்குக் கட்டாது, வாடகைக்கு வேறு வீடு அந்தப் பக்கம் கிடையாது, எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு வீடு காலியாக முடியுமா? அதனால் நம் வீட்டுக்கே வந்து இருங்கள் என்றேன். மெக்கானிக் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளியே போனால் பிறகு உள்ளே விட மாட்டார்கள் என்று எத்தனை இடத்தில் பார்த்திருப்பார், நானே பார்த்திருக்கிறேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டார். “வேலை முடிஞ்சதும் இதே வாடகைக்கு நாங்களே திரும்பி வருவோம்னு எழுதிக் கொடுப்பீங்களாம்மா?” எழுதிக் கொடுத்தேன். அதே வாடகை, இரண்டு வருஷத்துக்கு ஏற்றமில்லை, வேலை நடக்கும் காலத்துக்கு வாடகை இல்லை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று நீ ஒருநாளும் வாடகைக்காரரிடம் கேட்காதே. அவர் எழுதிக் கேட்டால் எழுதிக் கொடு, உனக்கும் நல்லது அவருக்கும் நல்லது.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. உன் அறையைத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே, உன் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நர்ஸ் பெண்ணுக்கு இரவு வேலை வந்தால் பகலில் தூங்க வேண்டும், அதனால் நான் வீடு கேட்டு வருகிறவர்களிடம் சொந்த வீட்டிலேயே கிசுகிசுவென்று பேச வேண்டியதாயிற்று, ஏதோ திருட்டு வீட்டை விற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். குளியலறைக்குக் காலையில் வரிசை. மெக்கானிக் தன் சட்டையை மாட்ட ஒரு ஆணி அடிக்கலாமா என்று கேட்டார், அப்பா பழக்க தோஷத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அந்த மனுஷன் ஒரு வாரம் சட்டையை நாற்காலியில் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்பாவே சுத்தியலைத் தேடி எடுத்துப் போய் மூன்று ஆணி அடித்துக் கொடுத்தார். ஒரு ஆணிக்கு வழியில்லாத வீட்டில் மனிதன் எப்படி இருப்பான் என்று அப்புறம் டிவியிடம் கேட்டார். குழந்தை சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷரை டிரைவர் சீட்டில் உட்காரவிடவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் உட்காரச் சொல்லிவிட்டது. அவரும் உட்கார்ந்திருக்கிறார், திருப்பத்தில் ஹாரன் அடிக்கவில்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

இடிக்கிற அன்று நான் போனேன், அப்பாவும் எனக்குப் பத்தடி பின்னால் வந்தார். தெருவை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி இறக்குவது, முடிக்க இரண்டு நாளாகும் என்று இன்ஜினியர் பெண் சொல்லியிருந்தாள். மேஸ்திரி உள்ளே அறையில் நின்றுகொண்டு முதல் மூலையில் கொத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரம்தான். கிர்ரென்று ஒரு சத்தம், அந்த மூலை முழுதாக, கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து, முட்டுக்கம்பியையும் சாய்த்துக்கொண்டு வாசற்படியில் வந்து விழுந்தது. படிக்கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தூசி அடங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன், அப்பா அந்தப் படிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படியில்தான் ஒவ்வொரு மாதமும் நின்று வாடகை வாங்குவார். அவர் கயிற்றுக்கு உள்ளே போகப் பார்த்தார், இன்ஜினியர் பெண் அதட்டி நிறுத்தினாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். டிவி இல்லாமல், என்னிடமே சொன்னார். “அந்த நர்ஸ் பொண்ணு சொன்னது சரிதான். அந்த வார்த்தையை நான் சொல்லியிருப்பேன்.” அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கை உட்காரவைத்து, இனிமேல் எது உடைந்தாலும் என்னிடம் சொல், உடனே சொல் என்று கிட்டத்தட்ட மிரட்டினார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இடித்து வார்க்க என் தரகுக் காசில் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது, அப்பாவும் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறார், வாடகையிலிருந்து அடைப்போம். சரி பண்ணிவிட்டு அதிக விலைக்கு விற்கலாமே என்று நீ கேட்பாய், சட்டுபுட்டுவும் கேட்டான். இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது முடியும் வரை அந்த வீட்டைப் பற்றிப் பேச்சில்லை. அதற்குப் பிறகு உனக்குத் தேவை இருந்தால் உட்கார்ந்து பேசுவோம், அது உன் வீடும்தான். ஆனால் நீ பார்த்த ஃபிளாட்டைப் பற்றி எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. நீ அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஹால் இருக்கிறது, ஜன்னலில் தெரியும் மரம் இருக்கிறது, சமையலறை மேடை பளபளவென்று இருக்கிறது. குளியலறையின் மேல்கூரை ஒரு படத்திலும் இல்லை. படுக்கையறையில் மூன்று சுவர் பழசு, ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்ட். வீட்டை விற்கிறவன் ஒரு சுவருக்கு மட்டும் ஏன் பெயிண்ட் அடிப்பான்? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார், குளியலறையாக இருந்தால் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார். மழை பெய்கிற நாளில் ஒரு தடவை போ, எல்லோரும் வீட்டில் இருக்கும் சாயங்காலத்தில் ஒரு தடவை போ. விற்கிறவரிடம் கேட்பதை விடக் கீழ்வீட்டுக்காரரிடமும் மேல்வீட்டுக்காரரிடமும் கேள், அவர்களுக்கு உன்னிடம் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கட்டடத்துக்கு மொத்தமாக ஏதாவது பெரிய ரிப்பேர் வரப்போகிறதா என்று குடியிருப்போர் சங்கத்தில் விசாரி. இப்போது அதில் யார் குடியிருக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேள். உன் காசில் உன் ஆளாக ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போ, ஏஜென்ட் கொண்டுவருகிற ஆள் வேண்டாம், நானே ஏஜென்ட், சொல்கிறேன். மாதக் கடைசி தாண்டினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று விற்கிறவர் சொன்னால் கொடுத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து கடைசி வீடு என்று சொல்லிக் காட்டாத ஏஜென்ட் கிடையாது, அதற்கப்புறம் வீடு தீர்ந்துபோனதும் கிடையாது.

எல்லாம் பார்த்து நல்ல வீடாகவே இருந்து, நீ உன் சம்பளத்தில் சமாளித்து வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான். அப்போது நீயும் வீட்டுக்காரியாகிவிடுவாய். பாதியை யாருக்கு விடுவது என்று யோசிக்கும்போது, வருகிறவர் இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் விசாரிக்காதே, அவருக்குத் தலைவலி தீர்ந்தால் போதும் என்று புகழ்ந்து தள்ளுவார், அதற்கு முந்தின வீட்டுக்காரரிடம் விசாரி. சாவி கொடுக்கும் அன்று இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்த பிறகு அந்தப் பாதி உன் வீடு இல்லை, கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருகிற வாடகையெல்லாம் உனக்கு என்று நினைக்காதே, ஒரு பங்கை வீட்டுக்கே ஒதுக்கி வை, வீடும் நம்மைப்போல வயதாகிறது. எது கெட்டாலும் அவர்கள் உன்னிடம் சொல்லும்படி நடந்துகொள். சொல்லும்போது முகத்தைச் சுளிக்காதே, ஏஜென்ட்களுக்கெல்லாம் பிடித்த ஒரு வார்த்தை உண்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று, அதை மட்டும் உன் வாயில் வரவிடாதே.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த மருந்துக்கடைக்காரம்மா போன வாரம் போன் செய்தார். அவர் தங்கைக்கு வாடகைக்கு வீடு வேண்டுமாம், என்னைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் காட்டும் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவோம் என்றார். தயவுசெய்து கண்ணைத் திறந்துகொண்டே வாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.

புது பால்கனி வார்த்து, ஈரம் காயவிட்டு, போன வெள்ளிக்கிழமை அடியில் நின்ற பலகையையும் முட்டுக்கம்பியையும் எடுத்தார்கள். இன்ஜினியர் பெண் எல்லாம் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னதும் முதலில் நான்தான் போய் நின்றேன். என் எடை உனக்குத் தெரியும், என்னைத் தாங்கினால் அந்தத் தெருவில் வேறு யாரையும் தாங்கும். கீழே இருந்து அப்பா, இறங்கி வா, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று கையை ஆட்டினார். நான் இறங்கவில்லை, நடுவில் போய் நன்றாக ஊன்றி நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் அந்த முழங்காலோடு படியேறி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோவில்கூட நாங்கள் இவ்வளவு ஒட்டி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் திரும்பப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, நாற்காலிகள் அதனதன் இடத்தில் இருப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இன்று காலை நான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க உட்கார்ந்தபோது போன் அடித்தது. மெக்கானிக்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அம்மா, மேல் ரூம் ஜன்னல் கொக்கி பிடிக்க மாட்டேங்குது, காத்துல அடிச்சுக்குது, யாரையாவது அனுப்புறீங்களா?” என்றார். ஆறு வருஷத்தில் அவர் தானாக எனக்குச் செய்த முதல் போன். அப்பாவிடம் சொன்னேன். ஆள் எதுக்கு என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.

நீ நல்லபடியாக இரு, நினைத்தது கைகூடட்டும், கொஞ்சம் தாமதமானாலும் உறுதியான தரையில் கால் வைத்து நிற்க வேண்டும் என்பதுதான் உனக்கு என் ஆசீர்வாதம். உன் மேல்கோட்டு கிழிந்திருக்கிறது என்றாயே, புதுசு வாங்கிக்கொள், அதில் மிச்சம் பிடிக்காதே. அடுத்த தடவை அப்பாவிடம் பேசிவிட்டு போனை என்னிடம் கொடுக்கச் சொல். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, நேராக என்னையே திட்டு.

உன் கோபம் தீரும் வரையும் தீர்ந்த பிறகும்
உன் அம்மா